சீகோ 5-ஆ, சிட்டிசன் சுயோசாவா? மும்பையில் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட் என்று எங்கிருந்து கேட்டாலும், முதல் ஆட்டோமேட்டிக் (பேட்டரி இல்லாமல், கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள். விளம்பரத் தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் கையில் கட்டிய பிறகுதான் தெரியும். கட்டுமுன்பே அதைப் பார்த்துவிட வழி சொல்கிறோம்.

எந்தெந்த மாடலைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

சீகோ 5 ஸ்போர்ட்ஸில் கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையம் இல்லாத 40 மி.மீ. வகை. மாடல் எண் எஸ்ஆர்பிஇ என்று தொடங்கும். சிட்டிசனில் சுயோசா 40 மி.மீ., என்ஜே0150, என்ஜே0151 வரிசை. சீகோவில் 42.5 மி.மீ. அளவில், வளையத்தோடு, எஸ்ஆர்பிடி என்று தொடங்கும் தடித்த வகை ஒன்று உண்டு. கடைக்காரர் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் காட்டினால் இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகள் பொருந்தாது.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள், எது?

ஒரே வாட்ச், தினமும் கட்டுவேன், மழை வெயில் பார்க்க மாட்டேன், அவ்வப்போது ஸ்ட்ராப் மாற்றுவேன் என்றால் சீகோ. ஏசி ஆபீஸ், முழுக்கைச் சட்டை, கண்ணாடியில் கீறல் விழுந்தால் மனம் ஆறாது என்றால் சிட்டிசன். ஆனால் எங்கள் கணக்கில் பிராண்டைவிட உங்கள் கைக்கு வரும் அந்த ஒரு பீஸ்தான் முக்கியம். ஏன் என்று நேரம் பற்றிய பதிலில் பாருங்கள்.

உள்ளே இருக்கும் மெஷினில் எது உசத்தி?

சீகோவில் 4ஆர்36: 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவியில் சுமார் 41 மணி நேரம். சிட்டிசனில் 8210: 21 கல், அதே 21,600 துடிப்பு, சுமார் 40 மணி நேரம். மூன்று கல் கூட இருப்பதால் சீகோ நல்லது என்று கவுண்டரில் சொல்வார்கள். கல் என்பது சக்கரத்தின் அச்சு உராயாமல் சுழல வைக்கும் செயற்கை மாணிக்கம். தேவையான இடங்களில் இருந்தால் போதும், எண்ணிக்கையை வைத்து விலை பேச முடியாது.

உண்மையான வித்தியாசம் சாவி ஏறும் விதத்தில். சீகோவில் 1959 முதல் பயன்படும் 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பு இருக்கிறது. ரோட்டர், அதாவது கை அசைவில் சுழலும் அரைவட்டத் தகடு, எந்தப் பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும். 8210-இல் ஒரு பக்கம் சுழன்றால் மட்டுமே ஏறும். மறுபக்கம் ரோட்டர் சும்மா சுற்றும். கையை வேகமாகத் திருப்பினால் மணிக்கட்டில் ஒரு கிர்ரென்ற அதிர்வு தெரியும், அமைதியான அறையில் சத்தமும் கேட்கும். இது கோளாறு இல்லை, அந்த மெஷினின் குணம். சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அதனால் கடையில் வாட்சைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

சிட்டிசனின் இந்த 82 வரிசையில் இன்னொரு குணமும் உண்டு. நொடி முள் நேரடியாக ஓட்டப்படாமல் பக்கத்துச் சக்கரம் வழியாக ஓட்டப்படுகிறது. கை அதிர்ந்தால் முள் ஒரு கணம் தடுமாறிப் பிறகு ஓடும். நேரம் அதனால் தப்பாது.

நேரம் வைக்கும்போது நொடி முள் நிற்குமா?

4ஆர்36-இல் நிற்கும், கையால் சாவியும் கொடுக்கலாம். 82 வரிசையின் பழைய மெஷின்களில் முள் நிற்காது, புதியவற்றில் நிற்கும். கடையிலேயே கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழ்) கடைசி வரை இழுத்துப் பாருங்கள், இரண்டு நொடி வேலை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தப்பும்?

கம்பெனியே ஒத்துக்கொள்ளும் எல்லை இது: சீகோவுக்கு நாளொன்றுக்கு +45 முதல் −35 நொடி வரை, சிட்டிசனுக்கு +40 முதல் −20 வரை. ஒரு கடையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சீகோக்களில் ஒன்று தினமும் 40 நொடி முந்தலாம், இன்னொன்று 30 நொடி பிந்தலாம். இரண்டுமே 'சரி'. வாரண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எல்லைக்குள் இருக்கிறது என்று திருப்பித் தந்துவிடுவார்கள். சிட்டிசனின் எல்லை 20 நொடி குறுகலானது என்பதற்காக உங்கள் கையில் வருவது சீகோவைவிடச் சரியாக ஓடும் என்று உறுதி இல்லை. பீஸைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வாங்கிய பிறகு சோதிக்கும் முறை: 30 திருகு சாவி கொடுத்து, போன் நேரத்தோடு நொடி வரை சேர்த்து வையுங்கள். ஏழு நாள் வழக்கம்போல் கட்டுங்கள், நடுவில் நேரம் திருத்தாதீர்கள். எட்டாம் நாள் அதே நேரத்தில் வித்தியாசத்தைக் குறித்து ஏழால் வகுங்கள். 84 நொடி முந்தியிருந்தால் நாளுக்கு 12 நொடி, மாதத்துக்கு ஆறு நிமிடம். ஒரே நாள் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றும், ஏனென்றால் ராத்திரி வாட்ச் எந்தப் பக்கமாகக் கிடந்தது என்பதும் நேரத்தை மாற்றும்.

அதையே நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். முந்துகிற வாட்சை ஒரு ராத்திரி டயல் மேலே பார்க்க, மறு ராத்திரி கிரவுன் மேலே பார்க்க, இன்னொரு ராத்திரி கிரவுன் கீழே பார்க்க வைத்து, காலையில் எதில் பிந்தியிருக்கிறது என்று பாருங்கள். அந்த நிலையிலேயே தினமும் வைத்தால் பகலில் முந்தியதை ராத்திரி ஈடு கட்டிவிடும். அதிலும் சரிவரவில்லை என்றால் இரண்டு மெஷினிலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன நெம்புகோல் இருக்கிறது, விவரம் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார். வாரண்டி காலத்தில் வெளியாளிடம் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள்.

கடையில் டைம்கிராஃபர் மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லலாமா?

தாராளமாக. துடிப்பு ஓசையைக் கேட்டு அளக்கும் அந்தச் சின்னப் பெட்டி பல ரிப்பேர் கடைகளில் இருக்கிறது. முதலில் முழுச் சாவி கொடுக்கச் சொல்லுங்கள், அரைச் சாவியில் எந்த வாட்சும் நோயாளி மாதிரிதான் காட்டும். பிறகு டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே என்று மூன்று நிலையிலாவது அரை அரை நிமிடம் வைக்க வேண்டும்.

திரையில் மூன்று எண் பாருங்கள். ஒன்று, நாளைக்கு எத்தனை நொடி. நிலைக்கு நிலை 30 நொடிக்கு மேல் ஆடினால் அந்தப் பீஸ் வேண்டாம். இரண்டு, ஆம்ப்ளிட்யூட், அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் எத்தனை பாகை சுழல்கிறது என்பது. டயல் மேலே இருக்கும்போது 250-க்கு மேல் இருந்தால் நிம்மதி. முழுச் சாவியிலும் 200-க்குக் கீழே என்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. மூன்று, பீட் எரர், அதாவது 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் ஆகும் நேரத்தின் வித்தியாசம். 0.5 மில்லி நொடிக்குள் நன்று, 1-க்கு மேல் போனால் திருத்தச் சொல்லலாம்.

கவனிக்க ஒரு தந்திரம்: ஆம்ப்ளிட்யூடைக் கணக்கிட, அந்தப் பெட்டியில் 'லிஃப்ட் ஆங்கிள்' என்று வாட்ச் மெஷினுக்கு ஏற்ற ஓர் எண் வைக்க வேண்டும். சீகோ 4ஆர்36-க்கு 53, சிட்டிசன் 8210-க்கு 49. பெரும்பாலோர் அதை 52-லேயே விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் சிட்டிசனுக்கு 260 என்று காட்டுவது உண்மையில் 245. சீகோவுக்கு நேர்மாறு, இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்து ஒப்பிட்டால் சிட்டிசன் ஜெயித்த மாதிரி தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 50 மீட்டர் போதுமா?

சுயோசாவுக்கு 50 மீட்டர், சீகோவுக்கு 100 மீட்டர். இந்த எண் நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் இல்லை. அசையாத நீரில் 5 பார், 10 பார் அழுத்தம் தாங்கும் என்ற ஆய்வக அளவு. குடைக்கு வெளியே நீட்டிய கை, கை கழுவுதல், தாதர் ஸ்டேஷனிலிருந்து நனைந்து ஓடுதல், இதற்கெல்லாம் 50 போதும். நீச்சல் குளத்துக்கு 100 வேண்டும். கடலில் இறங்கினால் வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு செயினின் பின்களில் தங்கி அரிக்கும்.

தண்ணீர் உள்ளே போவதற்குக் காரணம் பெரும்பாலும் மழை இல்லை, கிரவுன். இரண்டு வாட்சிலும் கிரவுன் திருகிப் பூட்டும் வகை அல்ல, அழுத்தினால் உட்காரும் வகை. தேதி மாற்றிவிட்டு அரை மில்லிமீட்டர் வெளியே விட்டுவிட்டால் 100 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் ஒன்றுதான். அடுத்த எதிரி வெந்நீர். குளிக்கும்போது கட்டியிருந்தால் ஆவியும் சோப்பும் ரப்பர் வாஷரைச் சீக்கிரம் கெடுக்கும்.

கண்ணாடிக்கு உட்புறம் மூட்டம் போட்டால் அரிசி டப்பாவில் புதைத்து வைக்காதீர்கள். ஈரம் உள்ளேதான் இருக்கும், இரண்டே நாளில் ஸ்பிரிங்கிலும் திருகிலும் துரு தொடங்கும். அன்றைக்கே திறந்து உலர்த்த வேண்டும். எப்போது பின்மூடி திறந்தாலும் வாஷரைப் பார்த்து, அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலில் பேட்டரி மாற்றும் பெட்டிக்கடையில் அந்தக் கருவி இருக்காது.

லோக்கல் ட்ரெயினில் தினமும் போகிறேன். கண்ணாடி தாங்குமா?

இந்த ஒரு விஷயத்தில் சிட்டிசன் தெளிவாக முன்னே. சுயோசாவில் சஃபையர், அதாவது செயற்கை நீலக்கல்லால் ஆன கண்ணாடி. சீகோவில் ஹார்ட்லெக்ஸ், அதாவது கெட்டிப்படுத்திய கண்ணாடி. கம்பி பட்டுக் கண்ணாடி கீறுகிறது என்று நினைப்பார்கள். கம்பியில் ஒட்டியிருக்கும் மணல்தான் கீறுகிறது. மணலின் கடினம் மோஸ் அளவில் 7, சஃபையர் 9, சாதாரணக் கண்ணாடி 6-ஐ ஒட்டி. ஒரு வருடம் ஆள் நெரிசலில் தொங்கினால் ஹார்ட்லெக்ஸில் மெல்லிய கோடுகள் வந்தே தீரும். ஓங்கி அடிபட்டால் கதை வேறு. சஃபையர் சில்லாக உடையும், ஹார்ட்லெக்ஸ் கொஞ்சம் பொறுக்கும்.

சுயோசாவில் தேதிக்கு மேல் ஒரு பெருக்குக் கண்ணாடி மேடாக ஒட்டியிருக்கும். இடிபடுவது முதலில் அதுதான். பக்கவாட்டில் பார்த்தால் தேதி தெரியாது, நேராகப் பார்க்க வேண்டும். சீகோவில் கிழமையும் உண்டு, அந்த மேடும் இல்லை. வீட்டில் பெரியவர் யாருக்காவது வாங்கினால் சிறிய எழுத்து தெரிகிறதா என்று அவர் கண்ணிலேயே காட்டி முடிவு செய்யுங்கள்.

இரண்டுமே 40 மி.மீ. தானே, அளவில் என்ன வித்தியாசம்?

தாளில் இல்லை. தடிமன் சீகோ 11.5, சிட்டிசன் 11.7 மி.மீ. ஸ்ட்ராப் மாட்டும் மேல் காது முதல் கீழ்க் காது வரை இரண்டும் சுமார் 45 மி.மீ. கையில் கட்டினால் சிட்டிசன் பெரிதாகத் தெரியும். காரணம், அதன் செயின் கேஸோடு சேர்ந்தே வருகிறது. முதல் இணைப்பு உடனே மடங்காமல் சற்று நீட்டிக்கொண்டு நிற்கும்.

மெலிந்த கை உள்ளவர்கள் இப்படி அளங்கள்: மணிக்கட்டின் மேல்பகுதி, அந்தச் சமதளம் மட்டும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் எத்தனை மி.மீ. என்று ஸ்கேலில் பாருங்கள். சுற்றளவு வேண்டாம், அது ஏமாற்றும். 48 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் சீகோ அடக்கமாக உட்காரும், சிட்டிசன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். மதியத்துக்கு மேல் போய்க் கட்டிப் பாருங்கள். மும்பைப் புழுக்கத்தில் கை உப்பும், காலையில் பொருந்திய செயின் மாலையில் இறுக்கும்.

ஸ்ட்ராப் மாற்ற முடியுமா?

சீகோவுக்கு 20 மி.மீ. நேர் ஸ்ட்ராப் எதுவும் போகும். தோல், ரப்பர், நைலான் எல்லாம் எங்கும் கிடைக்கும். சுயோசாவுக்கு அதற்கென்று வெட்டிய ஸ்ட்ராப்தான் அழகாக உட்காரும். மழைக்காலம் முழுக்க ரப்பர் ஸ்ட்ராப்பில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒன்றே சீகோ பக்கம் சாயப் போதுமான காரணம்.

செயின் குறைக்கும்போது கழற்றிய இணைப்புகளைக் கடையில் விட்டு வராதீர்கள். சில சீகோ செயின்களில் பின்னோடு கடுகு அளவு குழாய் ஒன்றும் வரும், அது விழுந்தால் செயின் நடுரோட்டில் கழலும்.

கவுண்டரில் பீஸை எப்படிப் பார்ப்பது?

டியூப் லைட்டுக்குக் கீழே, டயலை நேராகப் பிடித்து, 12 மணிக் கோடும் ஓரத்து வளையத்தின் கோடும் ஒரே நேரில் இருக்கின்றனவா பாருங்கள். சீகோவில் இது அரை மயிரிழை விலகி வருவது அடிக்கடி கேட்கும் புகார். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு வாட்சைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் தெரியும். சிட்டிசனில் தேதி பெருக்குக் கண்ணாடிக்கு நடுவே இருக்கிறதா பாருங்கள். பிறகு 12 மணிக்கு முள்களை வையுங்கள், மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். கிரவுனை இழுக்கும் ஒவ்வொரு படியும் சொடக்கு மாதிரி தெரிய வேண்டும். தேதி நள்ளிரவை ஒட்டித் தாண்ட வேண்டும், மதியம் தாண்டினால் வைத்த நேரம் 12 மணி நேரம் மாறியிருக்கிறது என்று பொருள். கோளாறு அல்ல.

மூன்று பீஸ் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சனி, ஞாயிறு கழற்றி வைத்தால் நின்றுவிடுமா?

வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கழற்றினால் ஞாயிறு மதியம் பன்னிரண்டு வாக்கில் நிற்கும். திங்கள் காலை 20, 30 திருகு கொடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சுற்றிக்கொண்டே இருக்கும் வைண்டர் பெட்டிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

தேதியை எந்த நேரத்திலும் மாற்றலாமா?

கூடாது. இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதிச் சக்கரத்தின் பல் பிடித்திருக்கும். அப்போது வேகமாக மாற்றினால் பல் உடையும். முள்களைக் கீழே ஆறரைக்குக் கொண்டுவந்து, முந்தைய நாள் தேதியை வைத்து, பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டி இன்றைய நேரத்துக்கு வாருங்கள்.

திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் முந்துகிறது. என்ன ஆயிற்று?

பெரும்பாலும் காந்தம். ஸ்பீக்கர், டேப்லெட் மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான் எதன் மேலாவது வைத்திருப்பீர்கள். பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வேகம் கூடும். போனில் திசைகாட்டியைத் திறந்து வாட்சை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். முள் துள்ளினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பேர் கடையில் காந்தம் இறக்கும் பெட்டியில் அரை நிமிடம் காட்டினால் போதும், திறக்கவே வேண்டாம்.

சோர் பஜாரில் சீகோ 5 இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

கிடைக்கும். மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் மேசை நிறையப் பளபளக்கும். அதில் பெரும்பாலானவை பழைய மெஷினில் டயலைப் புதிதாக அச்சடித்து, கேஸை இழைத்து, எங்கெங்கோ கிடைத்த பாகங்களைச் சேர்த்தவை. வாட்ச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இதை 'மும்பை ஸ்பெஷல்' என்றே கூப்பிடுகிறார்கள், நம் ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை.

கண்டுபிடிக்க: பின்மூடியில் 7009, 6309 அல்லது 7எஸ்26 என்று தொடங்கும் எண் இருக்கும். டயலின் அடி ஓரத்தில் 6 மணிக்குக் கீழே மிகச் சிறிய எழுத்திலும் அதே நான்கு எண்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலோ மாறியிருந்தாலோ டயல் அசல் இல்லை. லென்ஸில் பார்த்தால் மறு அச்சின் எழுத்து தடித்து, ஓரம் மழுங்கியிருக்கும். ஒளிரும் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெயின்ட் இருக்கும். சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம்: 1 முதல் 9, பிறகு அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. மேலே சொன்ன மூன்று மெஷினிலும் கையால் சாவி கொடுக்க முடியாது. விற்பவர் கிரவுனைத் திருகிச் 'சாவி கொடுத்து' ஓட வைத்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

தெரிந்து இரண்டாயிரம் கொடுத்து வாங்கிக் கட்டுவதில் தப்பில்லை. மழையில் மட்டும் போகாதீர்கள்.

ஐந்து வருடம் கழித்து சர்வீஸ் எது சுலபம்?

இரண்டுமே சுலபம். இந்த இரண்டு குடும்பத்து மெஷின்களும் தனியாகவே விற்கப்படுகின்றன. 4ஆர்36-க்குச் சமமானது என்எச்36, 8210-க்கு நெருங்கிய உறவு 8215. கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டுத் தரும் கூலியைவிடப் புதிய மெஷின் மாற்றுவது மலிவாக முடிவதும் உண்டு. மாற்றுவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இரண்டு வாட்சிலும் கிரவுன் 4 மணிப் பக்கம், தேதி 3 மணியில். கிரவுன் 3 மணியில் இருக்கும் சாதாரண மெஷினை அப்படியே போட்டால் தேதி சாய்ந்து தெரியும். பழைய மெஷினின் தேதி, கிழமைத் தட்டுகளைக் கழற்றிப் புதியதில் போட வேண்டும். பழைய ரோட்டரையும் கேட்டு வாங்குங்கள், கம்பெனி பெயர் அதில்தான் இருக்கும்.

ஆன்லைனில் குறைவாக வருகிறதே?

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணும், வாட்சின் சீரியல் எண்ணும், வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் இருந்தால் வாங்குங்கள். 'கடை வாரண்டி' என்று எழுதியிருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அதை ஏற்காது. பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்து, அன்றே மேலே சொன்ன டயல், கிரவுன், தேதி சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கோடு விலகியிருப்பதைச் சொல்லிப் பயனில்லை.

அப்பாவின் பழைய எச்எம்டி ஜனதா பீரோவில் கிடக்கிறது. அதையே சரி செய்தால் என்ன?

செய்யுங்கள், புதியது வாங்குவதாக இருந்தாலும் அதையும் செய்யுங்கள். சுயோசாவுக்குத் தூரத்து உறவுதான் அது: எச்எம்டியின் முதல் வாட்ச் தொழிற்சாலை பெங்களூரில் 1961-இல் சிட்டிசன் கூட்டோடு வந்தது. ஜனதா 17 கல், ஆட்டோமேட்டிக் அல்ல. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும், திருகு கெட்டியாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வாட்சுக்குச் சாவி கொடுத்து ஓடுகிறதா என்று முதலில் பார்க்காதீர்கள், காய்ந்த எண்ணெயில் அச்சு தேயும். நேராகக் கழுவி எண்ணெய் போடக் கொடுங்கள். கொடுக்கும்போது டயலைத் தொடக்கூடாது, பெயின்ட் அடிக்கக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கொடுக்குமுன் டயலை இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பேறிய டயலைப் பார்த்தால் சில கடைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது, கேட்காமலே புதிதாக்கிக் கொடுத்துவிடுவார்கள்.